அமெரிக்க அரசியலைப் படிக்கத் தொடங்கும் மாணவருக்கு

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு 'கவர்ன்மென்ட்' என்று ஒரு பாடம் வரும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் முதுகலை படிக்க வந்தவருக்கு அப்படிப் பாடம் எதுவும் இல்லை. ஆனால் விசா விதி மாறப்போகிறது என்று வாரத்துக்கு ஒரு செய்தி வரும். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ அரசறிவியல் படிப்பவருக்கு ஒப்பீட்டு அரசியல் தாளில் அது ஒரு பகுதி. மூன்று பேரும் வழக்கமாக ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் என்று மூன்று கட்டம் போட்ட அந்தப் படம்!

படத்தில் தப்பில்லை. ஆனால் அதை மனப்பாடமாக வரையத் தெரிந்தவர்களுக்கும் அன்றைய செய்தி புரியாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். கட்டங்கள் தனித்தனியாக நிற்கின்றன. நடைமுறையில் ஒருவர் அதிகாரத்தில் இன்னொருவர் எப்போதும் கை வைத்துக்கொண்டே இருக்கிறார். அதனால் நான் சொல்லும் வழி வேறு. எந்தச் செய்தியைப் பார்த்தாலும் 'இதை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?' என்று கேட்டுப் பழகுங்கள். அதோடு ஒரே ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பாருங்கள்.

முதலில், ஊர்ப் பழக்கத்தை ஓரமாக வையுங்கள்

தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் அரசியல் புதிதில்லை. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. சட்டமன்றத்தில் பெரும்பான்மை உள்ளவர் முதல்வர். பெரும்பான்மை போனால் ஆட்சி போகும். கொறடா உத்தரவை மீறினால் உறுப்பினர் பதவி போகும். வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கும். தேர்தலைத் தேர்தல் ஆணையம் நடத்தும். நம் ரத்தத்தில் ஊறிய இந்த ஐந்தில் ஒன்றுகூட அங்கே செல்லாது.

அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர்; பிரதிநிதிகள் சபை, செனட் என்று அதற்கு இரண்டு அவைகள். அதிபர் அந்தக் காங்கிரஸின் உறுப்பினர் இல்லை. அவரைத் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரதிநிதிகள் சபையிலோ செனட்டிலோ எதிர்க்கட்சிக்குப் பெரும்பான்மை இருப்பது அடிக்கடி நடப்பதுதான். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. பதவிநீக்க விசாரணை ஒன்றுதான் வழி. அதற்கும் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன் (1868), பில் கிளின்டன் (1998), டொனால்ட் டிரம்ப் (2019, 2021) ஆகியோர் மீது பிரதிநிதிகள் சபை குற்றம்சாட்டியது. யாரையும் செனட் நீக்கவில்லை. சரி, அதிபர் பதிலுக்குச் சபையைக் கலைக்கலாமா? அதுவும் முடியாது. தேர்தல் தேதி நிரந்தரமானது. உள்நாட்டுப் போர் நடுவில், 1864-லும் அதிபர் தேர்தல் குறித்தபடி நடந்தது.

நம் ஊரில் நிதி மசோதா தோற்றால் அரசு கவிழும். அங்கே அரசு அப்படியே இருக்கும், அலுவலகங்கள் மூடப்படும். நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அதற்குள் செலவு மசோதா நிறைவேறாவிட்டால் 'ஷட்டவுன்'. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் அப்படி மூடியிருந்தது. யார் ராஜினாமா செய்தார்கள் என்று தேடாதீர்கள். அது அந்த அமைப்பில் கேட்கப்படாத கேள்வி.

கட்சி சீட் கொடுப்பது என்பதும் இல்லை. வேட்பாளரை பிரைமரி தேர்தலில் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2014-ல் எரிக் கேன்டர் பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்தார். சபாநாயகருக்கு அடுத்த இடம். வெர்ஜீனியாவில் தன் சொந்தக் கட்சி பிரைமரியில், பலருக்கும் பெயர் தெரியாத ஒரு பொருளாதாரப் பேராசிரியரிடம் தோற்றார். கட்சி மேலிடம் வாயைப் பிளந்து பார்த்ததே தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. அமெரிக்க உறுப்பினர் ஏன் தலைமைக்குப் பயப்படாமல் தன் தொகுதியின் தீவிரக் கட்சிக்காரர்களுக்குப் பயப்படுகிறார் என்பது இந்த ஒரு சம்பவத்திலேயே விளங்கிவிடும்.

தேர்தலை நடத்துவதும் ஒரே ஆணையம் இல்லை. மாநிலச் சட்டப்படி, பெரும்பாலும் கவுன்டி (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு) அலுவலகங்கள் நடத்துகின்றன. 2000-ல் ஃபுளோரிடாவில் பாம் பீச் கவுன்டி தானே வடிவமைத்த வாக்குச்சீட்டில், பெயர்கள் இரண்டு பக்கமும் துளைகள் நடுவிலுமாக இருந்ததில் பலர் குழம்பினார்கள். அந்த மாநிலத்தையும், அதன் மூலம் அதிபர் பதவியையும் தீர்மானித்த வித்தியாசம் 537 வாக்குகள். ஒரு கவுன்டி ஊழியரின் மேசையில் எடுத்த முடிவு எவ்வளவு தூரம் போகும், பாருங்கள்.

அப்புறம், மூலத்தையே படியுங்கள்

இந்திய அரசியலமைப்பைப் படித்தவர்கள் பயப்பட வேண்டாம். 1787-ல் ஃபிலடெல்ஃபியாவில் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம், திருத்தங்களை விட்டுவிட்டால், ஏறத்தாழ 4,500 சொற்கள்தான். ஒரு மாலை போதும். ஏழு பிரிவுகளில் முதல் பிரிவே பாதியளவு இருக்கும். அது காங்கிரஸைப் பற்றியது. அதிபருக்கு அதைவிட மிகக் குறைவான இடம், நீதிமன்றத்துக்கு இன்னும் குறைவு. எழுதியவர்கள் யாரை மையமாக நினைத்தார்கள் என்பது இந்த அளவுகளிலேயே தெரிகிறது.

பென்சிலால் கோடு போட வேண்டிய இடங்கள் சில. முதல் பிரிவின் 8-ஆம் உட்பிரிவு காங்கிரஸ் எதையெல்லாம் செய்யலாம் என்ற பட்டியல்: வரி, கடன், மாநிலங்களுக்கு இடையிலான வணிகம், போர் அறிவிப்பு, குடியுரிமை விதி. அதன் கடைசி வரி, இவற்றை நிறைவேற்றத் 'தேவையான, பொருத்தமான' சட்டங்களையும் இயற்றலாம் என்கிறது. மத்திய அரசு எவ்வளவு விரியலாம் என்ற இருநூறாண்டுச் சண்டையில் பாதி அந்த ஒரு வரியைச் சுற்றித்தான். மறுபுறம் 10-ஆவது திருத்தம், மத்திய அரசுக்குக் கொடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் என்கிறது. இந்தியாவில் பட்டியலில் இல்லாத எஞ்சிய அதிகாரம் டெல்லிக்குப் போகும். அங்கே நேர் எதிர்.

மூன்றாம் பிரிவைப் படிக்கும்போது ஒன்றைத் தேடுங்கள்: காங்கிரஸ் போட்ட சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் எங்கே? வெளிப்படையாக எங்கும் கிடைக்காது. 1803-ல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் நீதிமன்றமே அதை எடுத்துக்கொண்டது.

27 திருத்தங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 1, 4, 5, 10, 14 இவை எப்போதும் செய்தியில் வரும். 27-ஆவதன் கதை மட்டும் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால் அடுத்த தேர்தலுக்குப் பிறகே அது நடைமுறைக்கு வரவேண்டும் என்று 1789-ல் முன்மொழியப்பட்டு, போதிய மாநிலங்கள் ஏற்காமல் தூங்கிக்கொண்டிருந்தது. 1982-ல் டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன், இதற்குக் காலக்கெடு எதுவும் இல்லை, இன்னும் நிறைவேற்றலாம் என்று வகுப்புக் கட்டுரை எழுதினார். கிடைத்த மதிப்பெண் 'சி'. மனிதர் கோபத்தில் மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். 1992-ல் அது அரசியலமைப்பில் ஏறியது. 2017-ல் பல்கலைக்கழகம் அந்த மதிப்பெண்ணை 'ஏ' என்று மாற்றியது.

ஒரு சட்டத்தின் பின்னால் போவது

இதுதான் முக்கியமான பயிற்சி. காங்கிரஸின் அதிகாரபூர்வ தளமான காங்கிரஸ் டாட் கவ்-இல் ஒவ்வொரு மசோதாவுக்கும் தனிப் பக்கம் உண்டு. பிரதிநிதிகள் சபை மசோதாவுக்கு 'ஹெச்.ஆர்.' என்றும் செனட் மசோதாவுக்கு 'எஸ்.' என்றும் எண்ணுக்கு முன்னால் வரும். முதல் பயிற்சிக்கு 111-ஆவது காங்கிரஸின் (ஈராண்டுக்கு ஒரு காங்கிரஸ் என்று எண்ணுவார்கள்) ஹெச்.ஆர். 3590-ஐ எடுங்கள். பலருக்கும் 'ஒபாமாகேர்' என்று தெரிந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்.

பக்கத்தைத் திறந்ததும் திகைப்பீர்கள். மசோதாவின் ஆரம்பப் பெயர், ராணுவத்தினர் வீடு வாங்குவதற்கான வரிச் சலுகைச் சட்டம் என்று இருக்கும்! மருத்துவத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வரி சார்ந்த மசோதா பிரதிநிதிகள் சபையில்தான் தொடங்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் முதல் பிரிவு. செனட்டுக்குத் தன் சொந்த வாசகம் வேண்டும். எனவே சபையில் ஏற்கெனவே நிறைவேறி வந்த ஒரு மசோதாவை எடுத்து, உள்ளே இருந்த எழுத்தையெல்லாம் நீக்கிவிட்டு, தன் வாசகத்தை வைத்தது. எண் மட்டும் பழையது. பாடப்புத்தகத்தின் 'மசோதா சட்டமாகும் விதம்' என்ற அம்புக்குறிப் படத்தில் இது இருக்காது.

2009 டிசம்பர் 24 காலை செனட் 60-39 என்று நிறைவேற்றியது. நூறு பேர் சபையில் 51 போதாதா, ஏன் 60-ஐத் துரத்தினார்கள்? விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேர் வேண்டும்; இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு 'ஃபிலிபஸ்டர்' செய்து, அதாவது விவாதத்தை முடிக்கவிடாமல் இழுத்து, கிடப்பில் போடும். இது அரசியலமைப்பில் இல்லை, செனட் தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதி.

அடுத்த மாதமே, எட்வர்ட் கென்னடி இறந்ததால் காலியான மாசசூசெட்ஸ் இடத்துக்குத் தேர்தல் நடந்து குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் ஜெயித்தார். ஜனநாயகக் கட்சியிடம் 60 போய் 59 ஆனது. சபை ஏதாவது திருத்தினால் மசோதா திரும்பவும் செனட்டுக்குப் போக வேண்டும், அங்கே செத்துவிடும். வேறு வழியில்லாமல், செனட் வாசகத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் 2010 மார்ச் 21 இரவு பிரதிநிதிகள் சபை 219-212 என்று ஏற்றது. குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்குகூட இல்லை. ஜனநாயகக் கட்சியிலேயே 34 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். அதற்காக ஒருவர் பதவியும் பறிபோகவில்லை. வாக்கெடுப்புப் பட்டியலைத் திறந்து அந்த 34 பேரின் தொகுதிகளைப் பாருங்கள். யார் எந்தப் பயத்தில் வாக்களித்தார் என்று ஊகிப்பது நல்ல பயிற்சி.

மார்ச் 23-ல் அதிபர் கையெழுத்திட்டார். சபைக்குப் பிடிக்காத சில பகுதிகளைத் திருத்த இன்னொரு மசோதா தனியாக வந்தது. வரவுசெலவு சார்ந்த விஷயங்களுக்கு 'ரீகன்சிலியேஷன்' என்ற வழி உண்டு. அதில் 51 போதும்.

கதை இங்கே முடியும் என்று நினைத்தால் அமெரிக்க அரசியல் இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம், காப்பீடு வாங்காதவருக்கு அபராதம் என்ற பகுதி வரியாகக் கருதப்பட்டுச் செல்லும் என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஐந்தாவது வாக்கு, குடியரசுக் கட்சி அதிபர் நியமித்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸுடையது. ஆனால் ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தை விரிவாக்கும்படி மாநிலங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொன்னது. விளைவு? 2024 வரை 40 மாநிலங்கள் விரிவாக்கின, டெக்சஸ் போன்றவை மறுத்தன. டெக்சஸ் எல்லையைத் தாண்டி நியூ மெக்சிகோவில் குடியிருந்தால் கிடைக்கும் காப்பீடு, இந்தப் பக்கம் அதே வருமானக்காரருக்குக் கிடைக்காது. கூட்டாட்சி என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

2017 ஜூலை 28 அதிகாலையில் இதை ரத்து செய்யும் முயற்சி செனட்டில் 49-51 என்று தோற்றது. ஜான் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டிய காட்சி அன்றுதான். அந்த வீடியோவை இப்போது பாருங்கள். முன்கதை தெரிந்தபின் அது வேறு மாதிரி இருக்கும்.

அடுத்து உங்களுக்கு அக்கறையுள்ள ஒரு மசோதாவை நீங்களே தேர்ந்தெடுத்து, 'ஆக்ஷன்ஸ்' என்ற தலைப்பின் கீழ் நாள்வாரியாக என்ன நடந்தது என்று பாருங்கள். பெரும்பாலானவை கமிட்டிக்கு அனுப்பப்பட்டது என்ற வரியோடு நின்றுபோயிருக்கும். அண்மைக் காலத்தில் ஈராண்டு நீளும் ஒவ்வொரு காங்கிரஸிலும் பத்தாயிரத்துக்கும் மேல் மசோதாக்கள் வருகின்றன. சட்டமாவது சில நூறு. 'ஓபிடியை (படிப்பை ஒட்டி மாணவர் விசாவிலேயே சில காலம் வேலை பார்க்கும் அனுமதி) ஒழிக்க மசோதா தாக்கல்' என்று வாட்ஸ்அப் குழுவில் வந்தால், பதற்றப்படும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து கமிட்டியைத் தாண்டியதா என்று பாருங்கள்.

சட்டம், விதி, ஆணை: மூன்றும் மூன்று

நம் மாணவர்களைப் பொறுத்தவரை இந்தப் பகுதிதான் சோறு போடும். விசா விஷயத்தையே எடுத்துக்கொள்வோம்.

எச்-1பி என்ற வேலை விசா ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலையோ அதற்கு மேலோ முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. இந்த எண்கள் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தில் இருக்கின்றன. எந்த அதிபரும் கையெழுத்துப் போட்டு இதை இரட்டிப்பாக்க முடியாது.

ஓபிடி அப்படியல்ல. குடியேற்றச் சட்டம் தந்த பொது அதிகாரத்தை வைத்து நிர்வாகத் துறை எழுதிய விதி அது. 2008-ல் அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கு 17 மாத நீட்டிப்பை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கொண்டுவந்தது. பொதுமக்கள் கருத்தைக் கேட்காமல் அவசரமாகக் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்கத் தொழிலாளர் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. 2015 ஆகஸ்டில் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம், கருத்துக் கேட்காமல் போட்ட விதி செல்லாது என்றது. ஆனால் துறை சரிசெய்ய அவகாசம் கொடுத்தது. துறை புதிய வரைவை வெளியிட்டது. ஐம்பதாயிரத்துக்கும் மேல் கருத்துகள் குவிந்தன. 2016 மே 10 முதல் 24 மாத நீட்டிப்பு நடைமுறைக்கு வந்தது. அதாவது, வழக்குப் போட்டவர்கள் ஜெயித்தார்கள், மாணவர்களுக்கு ஏழு மாதம் கூடியது! பிறகு ஓபிடியே செல்லாது என்று அதே தரப்பு மேல்முறையீடு வரை போனது. 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் தீர்ப்பளிக்க, 2023-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

விதியால் வந்தது விதியால் போகலாம். அதற்கு வரைவு வெளியிட்டு, கருத்துக் கேட்டு, பதில் சொல்லி, இறுதி விதி போட வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். 1946-ல் வந்த நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் கட்டாயம் இது. வரைவுகள் எல்லாம் அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் வேலை நாள்தோறும் வரும், கருத்துகளை ரெகுலேஷன்ஸ் டாட் கவ்-இல் பதியலாம். குடியுரிமை தேவையில்லை. ஒரே மாதிரியான ஆயிரம் கடிதங்களைவிட, 'என் ஆய்வகத்தில் இந்த விதியால் இன்னது பாதிக்கும்' என்று எழுதும் ஒரு கடிதத்துக்குத்தான் துறை பதில் எழுத வேண்டிவரும்.

மூன்றாவது, அதிபரின் ஆணை அல்லது பிரகடனம். ஒரே நாளில் வரும். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் என்று வந்தது இந்த வகை. வந்த வேகத்திலேயே வழக்குகளும் வந்தன. ஆணையைப் படிக்கும்போது தொடக்கப் பகுதியைப் பாருங்கள்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு தரும் அதிகாரத்தில் இதைப் போடுகிறேன் என்று அதிபர் சொல்லியிருப்பார். வழக்கு பெரும்பாலும் அந்த வரியின் மேல்தான் நடக்கும்.

தீர்ப்பைப் படிக்கும் முறை

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நூறு பக்கம் என்றால் பயந்துவிடாதீர்கள். முதலில் வரும் சுருக்கத்தைப் படியுங்கள். அது தீர்ப்பின் பகுதியல்ல, ஆனால் வழி காட்டும். அப்புறம் பெரும்பான்மைத் தீர்ப்பின் தொடக்கமும் முடிவும். மூன்றாவதாக, மாறுபட்ட தீர்ப்பு. நான் எப்போதும் மாணவர்களை மாறுபட்ட தீர்ப்பையும் படிக்கச் சொல்வேன், ஏனென்றால் பெரும்பான்மை எதைச் சொல்லாமல் தாண்டிப்போனது என்று அங்கேதான் தெரியும்.

தொடங்குவதற்கு 1969-ஆம் ஆண்டின் டிங்கர் எதிர் டெ மாய்ன் வழக்கு நல்லது. 1965 டிசம்பரில் அயோவாவில் சில மாணவர்கள் வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். ஒரு மாணவிக்கு வயது 13. பள்ளி இடைநீக்கம் செய்தது. பாடம் கெடாதவரை மாணவருக்கும் பேச்சுரிமை உண்டு என்று 7-2 என்ற கணக்கில் நீதிமன்றம் சொன்னது. நீதிபதி ஹியூகோ பிளாக்கின் மாறுபட்ட தீர்ப்பு, பள்ளிக்கூடத்தில் ஒழுங்கு என்னாவது என்று கொதிக்கிறது. நம் தலைமையாசிரியர் யாராவது எழுதியதோ என்று தோன்றும்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் திங்களன்று நீதிமன்ற அமர்வு தொடங்கும். வழக்கை விசாரணைக்கு எடுக்க ஒன்பது பேரில் நால்வர் சம்மதித்தால் போதும். 2020 மே மாதத்திலிருந்து வாதங்களை நேரலையாகவே கேட்கலாம். நீதிமன்றத் தளத்தில் ஒலிப்பதிவும் இருக்கிறது.

உங்கள் தெருவில் இருக்கும் அரசாங்கம்

வாஷிங்டனையே பார்த்துக்கொண்டிருந்தால் பாதிதான் தெரியும். அமெரிக்காவில் மாநிலம், கவுன்டி, நகரம், பள்ளி மாவட்டம், தண்ணீர் மாவட்டம் என்று 90 ஆயிரத்துக்கும் மேல் அரசாங்கங்கள் இருக்கின்றன. வீடு பார்க்கும்போது நம்மவர்கள் முதலில் கேட்பது எந்தப் பள்ளி மாவட்டம் என்றுதான். அந்த எல்லையை, அந்த வரியை, அந்தப் பாடத்திட்டத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் இருக்கும் வீட்டின் அல்லது தெரிந்தவர் வீட்டின் சொத்துவரி ரசீதை வரிவரியாகப் படியுங்கள். பல கவுன்டிகள் முகவரியைப் போட்டாலே இணையத்தில் காட்டும். கவுன்டிக்கு இவ்வளவு, நகரத்துக்கு இவ்வளவு, பள்ளி மாவட்டத்துக்கு, சமுதாயக் கல்லூரிக்கு, சில இடங்களில் மருத்துவமனை மாவட்டத்துக்கு என்று பிரித்திருக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு தனி அரசாங்கம். பெரும்பாலும் அதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட தனிக் குழுவும் உண்டு. பள்ளி மாவட்டத்தின் பங்கு பல ஊர்களில் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருக்கும். ஆனால் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிப்பவர்கள் மிகக் குறைவு.

அப்புறம் ஒரு நாள் மாலை பள்ளி வாரியக் கூட்டத்துக்கோ நகர மன்றக் கூட்டத்துக்கோ போய் உட்காருங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நிகழ்ச்சிநிரல் முன்பே தளத்தில் இருக்கும், அச்செடுத்துக் கொண்டுபோங்கள். 'கன்சென்ட் அஜெண்டா' என்ற தலைப்பில் பத்து இருபது விஷயங்களை ஒரே வாக்கில் முடிப்பார்கள். பேருந்து ஒப்பந்தம், கூரை பழுதுபார்ப்பு எல்லாம் அதில் போகும். பணம் பெரும்பாலும் சத்தமில்லாத அந்த இடத்தில்தான் நகர்கிறது. பொதுமக்கள் பேசும் நேரத்தில் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். மேடை மேல் இருப்பவர்கள் பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டார்கள். அலட்சியம் என்று நினைக்க வேண்டாம், நிகழ்ச்சிநிரலில் இல்லாததை விவாதிக்கப் பல மாநிலங்களின் சட்டம் விடாது.

மாநிலங்களும் ஒன்றுபோல் இல்லை. நெப்ராஸ்காவுக்கு ஒரே சபை. டெக்சஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டாண்டுக்கு ஒருமுறை 140 நாள். நியூ ஹாம்ப்ஷயர் கீழவையில் 400 பேர். உங்கள் மாநிலத்தை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

தேர்தலைப் பற்றிச் சுருக்கமாக

அதிபர் தேர்தலை ஒரே தேர்தலாகப் பார்க்காதீர்கள், மாநிலத்துக்கு மாநிலம் தனிக்கணக்கு. அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பது மாநிலவாரியாக ஒதுக்கப்பட்ட தேர்வாளர்கள். மொத்தம் 538 தேர்வாளர்கள், 270 கிடைத்தால் வெற்றி. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் முன்னணியில் இருப்பவருக்கே அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும். அதனால்தான் 2016-ல் ஹிலரி கிளின்டன் சுமார் 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். செனட்டில் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு பேர், ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு பேர். தொகுதி எல்லைகளைப் பல மாநிலங்களில் ஆளும் கட்சியே வரைகிறது.

துணை அதிபருக்கு அரசியலமைப்பு கொடுத்த அன்றாட வேலை ஒன்றே ஒன்று: செனட்டுக்குத் தலைமை தாங்குவது, சமநிலை வந்தால் வாக்களிப்பது. கமலா ஹாரிஸுக்காக அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பூசை நடந்ததெல்லாம் நமக்குத் தெரியும். துணை அதிபராக இருந்தபோது அவர் 33 முறை அப்படி வாக்களித்து எல்லாத் துணை அதிபர்களையும் தாண்டினார் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. 2022-ன் பணவீக்கக் குறைப்புச் சட்டம் 51-50 என்று நிறைவேறியது அவர் வாக்கால்தான்.

குடியுரிமை இல்லாதவர்கள் கவனிக்க

ஆர்வத்தில் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போதே வாக்காளராகப் பதிய விருப்பமா என்ற கேள்வி வரும். விசாவில் இருப்பவரும் கிரீன் கார்டு வைத்திருப்பவரும் 'இல்லை' என்றுதான் குறிக்க வேண்டும். தவறிப் பதிந்தாலும், அதைவிட வாக்களித்தாலும், நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம். கல்லூரி வாசலில் அட்டையும் பேனாவுமாக நின்று மனுவில் கையெழுத்துக் கேட்பவர்கள் பதிவு செய்த வாக்காளர்களைத் தேடுகிறார்கள், சிரித்துவிட்டு நகருங்கள். ஜூரி அழைப்பு வந்தால் குப்பையில் போடாதீர்கள், குடிமகன் இல்லை என்ற கட்டத்தில் குறித்துத் திருப்பி அனுப்புங்கள். விசாவில் இருப்பவர் எந்த வேட்பாளருக்கும் ஐந்து டாலர்கூட நன்கொடை தரக்கூடாது. கிரீன் கார்டு இருந்தால் தரலாம். சம்பளம் இல்லாமல் பிரசாரத்தில் தொண்டராக வேலை செய்யத் தடையில்லை. அரசியலைக் கற்க அதைவிட நல்ல இடமும் இல்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டும்போது வாக்காளர் பேசுவது எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

உயர்நிலைப் பள்ளியில் கல்லூரி அளவில் எழுதும் ஏ.பி. கவர்ன்மென்ட் தேர்வில் 55 கொள்குறி வினாக்களுக்கு 80 நிமிடம், நான்கு எழுத்து வினாக்களுக்கு 100 நிமிடம். ஒன்பது மூல ஆவணங்களும் 14 வழக்குகளும் கட்டாயம். ஆவணங்களை வரிசைப்படி படிக்காதீர்கள். அரசியலமைப்பை ஆதரித்து எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 51-ஆவதில் தொடங்குங்கள். அதிகாரத்தை ஏன் பிரித்தார்கள் என்று, அரசியலமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான மேடிசன் நேராகச் சொல்கிறார். பிறகு அரசியலமைப்பை எதிர்த்து எழுதப்பட்ட புரூட்டஸ் 1-ஐயும் ஃபெடரலிஸ்ட் 10-ஐயும் பட்டிமன்றத்தின் இரண்டு அணிகளாக வைத்துப் படியுங்கள்: இவ்வளவு பெரிய நாட்டில் குடியரசு தாங்குமா என்பதுதான் தலைப்பு. எழுத்து வினாவில் கட்டாய வழக்கு ஒன்றைப் புதிய வழக்கோடு ஒப்பிடச் சொல்வார்கள். தீர்ப்பு என்ன என்பதோடு நிறுத்தாமல், எந்தக் காரணத்தால் என்று எழுதினால்தான் மதிப்பெண்.

எந்தத் தலைப்பிலும் குறிப்பு வேண்டுமென்றால் காங்கிரஸின் ஆய்வுப் பிரிவு உறுப்பினர்களுக்காகத் தயாரிக்கும் அறிக்கைகளைத் தேடுங்கள். 2018 முதல் அவை பொதுமக்களுக்கும் இலவசம். கட்சி சார்பில்லாமல், இரண்டு தரப்பு வாதத்தையும் அளவோடு சொல்லும். தொலைக்காட்சி விவாதங்களில் செலவழிக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலே நிறையத் தெளியும். சபை நடவடிக்கையை நேரில் பார்ப்பது போல் பார்க்க சி-ஸ்பான் தொலைக்காட்சி இருக்கிறது. பேச்சாளருக்கு எதிரே பெரும்பாலும் காலி நாற்காலிகள்தான் என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். வேலை நடப்பது கமிட்டி அறையில்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். நீங்கள் வசிக்கும் தொகுதியின் உறுப்பினருக்கு உள்ளூரிலேயே அலுவலகம் இருக்கும். உங்கள் குடியேற்ற மனுவோ, திரும்பக் கிடைக்க வேண்டிய வரிப்பணமோ மாதக்கணக்கில் எந்த அசைவும் இல்லாமல் நின்றால் அங்கே போய்க் கேட்கலாம். வாக்குரிமை இல்லாவிட்டாலும் அந்தத் தொகுதியில் வசித்தால் போதும், பெரும்பாலான அலுவலகங்கள் எடுத்துக்கொள்ளும். உங்கள் கோப்பைப் பார்க்க அனுமதிக்கும் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, துறையிடம் அவர்கள் கேட்பார்கள். முடிவை மாற்றச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் பதில் வரும். படிவம் அவர்களுடைய தளத்திலேயே இருக்கும், ரசீது எண்ணையும் துறை அனுப்பிய கடிதங்களின் நகலையும் கையோடு எடுத்துப் போங்கள்.